துப்பாக்கி வீட்டில் இல்லாத மூன்று மாதம்

கடையம் பக்கத்திலிருந்து:

அப்பாவிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்கென்று தாத்தா காலத்தில் வாங்கிய லைசென்ஸ், அப்புறம் அப்பா பெயருக்கு மாறியது. மலையடிவாரத்தில் நிலக்கடலை போட்டவர்களுக்குத் தெரியும், காட்டுப்பன்றிகள் ஒரு ராத்திரி இறங்கினால் விடியும்போது காடே உழுதுபோட்ட மாதிரி கிடக்கும். பன்றியைச் சுட நம் இஷ்டத்துக்கு அனுமதி கிடையாது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான்.

நான் எட்டாவது படிக்கும்போது பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சியோடு வரப்புத் தகராறு. வாய்ச்சண்டை முற்றி, அப்பா விறுவிறுவென்று வீட்டுக்குள் வந்து பீரோவுக்குப் பின்னால் கையை விட்டார். துப்பாக்கி இருந்தது, தோட்டா இல்லை. சத்தம் கேட்டதுமே அம்மா எடுத்து உளுந்து டப்பாவின் அடியில் புதைத்துவிட்டாள். முழங்கை வரை உளுந்துத் தூசி. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை அந்தத் துப்பாக்கி எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்குப் பிறகு அந்த பீரோ பக்கம் போகவே பயம்.

2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16 அன்று அறிவிக்கப்பட்டது. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள்; அப்பாவும் வழக்கம்போல ஒப்படைத்து ரசீது வாங்கி வந்தார். ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைத்தது. அந்த ராத்திரிகளில் அப்பா டார்ச்சும் தகர டப்பாவுமாகத் தனியாகக் காவல் இருந்தார். நாலைந்து நாள் கழித்து அண்ணாச்சியே எங்கள் காவல் பரணுக்கு வந்தார். இருபது வருடத்துக்குப் பிறகு! “அது உன் கையில இருக்கையில இருட்டுல இந்தப் பக்கம் வர மனசு வரலடே தம்பி” என்றாராம். அப்புறம் இருவரும் மாற்றி மாற்றி விழித்திருந்தார்கள். ஓரத்துப் பாத்திகளில் கொஞ்சம் கடலை போனது. துப்பாக்கி இருந்த வருடங்களிலும் அவ்வளவு போயிருக்கிறது.

கோவையிலிருந்து:

உங்கள் அப்பாவின் துப்பாக்கிக் கதையைப் படித்ததும் ஒரு கோட்டை நினைவுக்கு வந்தது. வேலைக்காக மத்திய அமெரிக்க நாடான கோஸ்டாரிகாவின் தலைநகர் சான் ஹோசேயில் இருந்தபோது பெல்லாவிஸ்டா கோட்டைக்குப் போனேன். ராணுவ முகாமாக இருந்தது, இப்போது தேசிய அருங்காட்சியகம். சுவரில் 1948 உள்நாட்டுப் போரின் குண்டுத் துளைகள் அப்படியே இருக்கின்றன. 44 நாள் சண்டை, சுமார் 2,000 உயிர்கள். ஜெயித்தவர் ஹோசே ஃபிகெரெஸ். அந்த வருடம் டிசம்பர் 1 அன்று அதே கோட்டைச் சுவரைச் சம்மட்டியால் அடித்து, ராணுவத்தைக் கலைப்பதாக அறிவித்தார். மறு வருடம் அது அரசியலமைப்பிலேயே ஏறியது. ஜெயித்த கையோடு ஆயுதத்தைக் கீழே வைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

ஒன்றை மறைக்கக் கூடாது. அங்கே போலீஸ் கையில் துப்பாக்கி உண்டு. 1955இல் பக்கத்து நாடான நிகரகுவா பக்கமிருந்து படை நுழைந்தபோது அமெரிக்க நாடுகள் அமைப்பு தலையிட்டது, அமெரிக்கா 4 போர் விமானங்களை ஒவ்வொன்றும் ஒரு டாலர் விலையில் கொடுத்தது. கூப்பிட்டால் வர ஆள் இருந்ததால்தான் அவர்களால் படையில்லாமல் இருக்க முடிந்தது.

மறுபடியும் கடையம் பக்கத்திலிருந்து:

கூப்பிட்டால் வர ஆள் என்றீர்களே, அதுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய நேரம் வருகிறது, அப்பா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு தோட்டத்துக்கும் சேர்த்து சோலார் வேலி போட்டால் பாதிப் பணம் தருவதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்.