காது அரிக்காத கொக்கிக்கு எந்த உலோகம் போடுகிறீர்கள்?

கையால் நகை செய்து விற்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். மணி கோத்த தொங்கல் காதணிகள்தான் என்னிடம் அதிகம் போகின்றன. மணியில் பிரச்சினை இல்லை, காதுக்குள் நுழைகிற கொக்கியில்தான் தலைவலி. பித்தளைக் கம்பி, மேலே தங்க நிற முலாம், இடையில் பல நேரம் நிக்கல் பூச்சு, அந்த நிக்கல்தான் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. வளைவில் முலாம் தேய்ந்து லேசாக வெளுத்ததுமே சிலருக்கு அரிப்பு, நீர் கோத்தல் என்று செய்தி வந்துவிடுகிறது. அட்டையில் "நிக்கல் இல்லாதது" என்று போட்டிருப்பதை எவ்வளவு தூரம் நம்புவது?

92.5 சதவீத வெள்ளிக்கு மாறலாம் என்றால், அதில் மீதி பெரும்பாலும் செம்பு, காற்றில் உள்ள கந்தகம் பட்டுக் கறுத்துப்போகும். துடைத்தால் சரியாகிவிடும் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? 316எல் என்கிற துருப்பிடிக்காத எஃகு வகையிலும் நிக்கல் உண்டு, ஆனால் வெளியே கசிவது மிகக் குறைவு, அதனால் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. டைட்டானியமும் நியோபியமும் பாதுகாப்புதான், ஆனால் விலை! அதுவும் டைட்டானியக் கம்பியை வளைத்தால் ஸ்பிரிங் மாதிரி திரும்ப விரிகிறது, கை நோகிறது.

நீங்கள் எல்லாக் காதணிக்கும் ஒரே உலோகமா, கேட்பவருக்கு மட்டும் கொக்கி மாற்றித் தருகிறீர்களா? கூடுதல் செலவை விலையிலேயே சேர்ப்பீர்களா, தனியாகச் சொல்வீர்களா? அப்புறம், போட்டுப் பார்த்த காதணியை நான் திரும்ப வாங்குவதில்லை, சுகாதாரம்தான் காரணம். ஆனால் அரிக்கிறது என்பவரிடம் அதையே எப்படிச் சொல்வது?