ஊர்ப் பெயர் கட்டத்தில் ரெஜெக்ஸ் தகராறு, யாராவது உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. குடியாத்தத்தில் ஒரு லுங்கிக் கடைக்கு வெப்சைட் செய்து தருகிறேன். பின்கோடு கட்டம் சுலபம்: வேலூர்ப் பக்கம் மட்டும்தான் டெலிவரி, அதனால் 632-இல் தொடங்கும் ஆறு இலக்கம். வம்பு செய்வது ஊர்ப் பெயர் கட்டம்தான்.

அதில் என்னென்ன எழுத்து வரலாம் என்று சொல்லும் ரெஜெக்ஸில் (எழுத்துகளைச் சரிபார்க்கும் விதி, அதாவது பேட்டர்ன்) ‘அ முதல் ஹ வரை’ என்று ரேஞ்ச் கொடுத்தேன். ஆன்லைன் டெஸ்டரில் பச்சை விழுந்தது. சிஎம்எஸ்ஸில் (வெப்சைட்டை நிர்வகிக்கும் மென்பொருள்) ‘வேலூர்’ என்று அடித்தால் தவறு என்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் உறைத்தது: கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் (ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் முறை) தனித்தனிக் குறிகள், ஹ-வுக்கு அப்பால் இருக்கின்றன. டெஸ்டருக்கு ஒரு துண்டு பொருந்தினாலே போதும். சிஎம்எஸ் முழுச் சொல்லையும் சோதிக்கிறது. புள்ளி இல்லாமல் காட்பாடியைக்கூட எழுத முடியாதே!

சரி என்று தமிழுக்கான 128 இடங்களையும், கோட் எண்ணாகவே, ரேஞ்சில் சேர்த்துவிட்டேன். இப்போது பிரவுசர் ஏற்கிறது, ஆனால் சேவ் செய்யும்போது சர்வரில் ஓடும் பிஎச்பி ‘கோட் பாயின்ட் (எழுத்தின் எண்) மிகப் பெரியது’ என்று எரர் தருகிறது. யூனிகோடாகப் படி என்று சொல்லும் ‘யு’ ஃபிளாக், அதாவது கடைசி ஸ்லாஷுக்குப் பின் வரும் குறி, இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் சிஎம்எஸ்ஸில் ரெஜெக்ஸ் எழுதும் பெட்டி பேட்டர்னை மட்டும்தான் வாங்குகிறது. முன்னும் பின்னும் ஸ்லாஷை அதுவே போட்டுக்கொள்கிறது.

சிஎம்எஸ்ஸின் கோர் ஃபைலைத் (மூல நிரலை) தொடாமல் அந்த ஃபிளாகை நுழைக்க வழி உண்டா? பேட்டர்னின் தொடக்கத்திலேயே யூடிஎஃப் (யூனிகோடைச் சேமிக்கும் வடிவம்) என்று அறிவிக்கலாமாமே, யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? இல்லை, தனி வேலிடேஷன் ஃபங்ஷன்தான் எழுதியாக வேண்டுமா? கடைக்காரர் அண்ணன் தினமும் போன் செய்கிறார்.