லாஸ்லெஸ், டால்பி அட்மாஸ்: ஒப்பிட்டுக் கேட்டவர்களின் கருத்து தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம். ஆப்பிள் மியூசிக் 2021 ஜூன் முதல் கூடுதல் கட்டணமின்றி வழங்கிவரும் லாஸ்லெஸ் (தரம் இழக்காமல் சுருக்கிய ஒலி), டால்பி அட்மாஸ் (நம்மைச் சுற்றிலும் பரவி ஒலிக்கும் ஒலிமுறை) ஆகிய இரண்டும் இசையை உண்மையிலேயே மேம்படுத்துகின்றனவா என்பதை அறிய உங்கள் உதவியை நாடுகிறேன்.

லாஸ்லெஸ் ஒலி 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்ற சிடி தரத்திலிருந்து 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை கிடைக்கிறது. ஆனால், வழக்கமான ப்ளூடூத் இணைப்பு ஒலியை மீண்டும் சுருக்கியே அனுப்புவதால், கம்பி ஹெட்போனில் கேட்டால்தான் அதற்குப் பொருளுண்டு. அப்படிக் கேட்டும் 256 கிலோபிட் ஏஏசி என்ற, தரம் சற்றுக் குறைத்துச் சுருக்கிய வழக்கமான ஒலியிலிருந்து அதை என்னால் உறுதியாகப் பிரித்தறிய இயலவில்லை.

அட்மாஸில் கோப்பின் தரத்தைவிட ஒலிக்கலவையே மாறிவிடுகிறது. வயலின் குழுவும் கோரஸும் விரிந்து ஒலிப்பது பேரின்பம். சில பாடல்களிலோ பாடகரின் குரல் பின்வாங்கிவிடுகிறது, அது எனக்கு வருத்தமே. அட்மாஸ் கலவைகள் பெரும்பாலும் ஸ்டீரியோவைவிடக் குறைந்த சத்தத்தில் அமைவதால், ஒலியளவைச் சமன்செய்யாமல் ஒப்பிடுவது சரியாகாது என்றும் கருதுகிறேன்.

ஆகவே, எது ஒலிக்கிறது என்று தெரியாத நிலையில் ஒப்பிட்டுக் கேட்டவர்கள், எவ்வகை இசையில், எந்த ஹெட்போனில் வேறுபாட்டை உணர்ந்தீர்கள் என்று விரிவாக எழுத வேண்டுகிறேன். ஐபோனில் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்கத் தேவைப்படும், டிஜிட்டல் ஒலியை ஹெட்போனுக்கு ஏற்ற மின்சமிக்ஞையாக மாற்றும் தனி டிஏசி கருவியை வாங்கியவர்கள், அந்தச் செலவு தகுமா என்பதையும் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாவேன்.