ஆர்ட்டிகிள் (ஏ, ஆன், தி), அட்ஜெக்டிவ் (பெயரடை): பிள்ளைகளுக்கு எப்படிப் புரிந்தது? உங்கள் அனுபவம்

அகஸ்தீஸ்வரம் டியூஷன் டீச்சர்:

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நம்ம ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் சில வரிகள் எழுதச் சொல்லியிருந்தேன். முக்கால்வாசிப் பேர் வள்ளுவர் சிலையைத்தான் எழுதினார்கள். ஒரு பையன் 'ஆன் 133 ஃபீட் ஸ்டேச்சூ' என்று எழுதியிருந்தான். "ஒன் ஹண்ட்ரட் ஓ-வில்தானே டீச்சர் தொடங்குது, அப்போ ஆன்தானே வரணும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. ஏ, ஈ, ஐ, ஓ, யூ வந்தால் ஆன் என்று மனப்பாடம் செய்யவைத்தால் இங்கேதான் இடிக்கும். "எழுத்தைப் பாக்காத மக்களே, வாய்விட்டுச் சொல்லு" என்றேன். "வன்" என்றான். காதில் விழுவது வகர ஒலி, அதனால் 'ஏ'. அப்புறம் 'ஏ யூனிவர்சிட்டி', 'ஆன் ஹவர்', 'ஆன் எம்.எல்.ஏ.' எல்லாம் அவர்களே சொல்லிவிட்டார்கள்.

அடுத்தது ஃபீட். 'தி ஸ்டேச்சூ இஸ் 133 ஃபீட் டால்' என்பது சரி. ஆனால் அந்த அளவே ஸ்டேச்சூவுக்கு முன்னால் வந்து நின்றால் அட்ஜெக்டிவ் வேலை பார்க்கிறது. ஆங்கில அட்ஜெக்டிவ் பன்மை ஏற்காது. ஆகவே '133 ஃபுட் ஸ்டேச்சூ'. நாமும் 133 அடிச் சிலை என்கிறோமே தவிர, அடிகள் சிலை என்பதில்லையே! இதைச் சொன்ன பிறகு யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கன்னியாகுமரிக்கு 'தி' இல்லை, அரபிக்கடலுக்கு மட்டும் ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டாள். கடல், ஆறு, மலைத்தொடர் பெயர்களுக்கு 'தி' உண்டு, ஊர்ப் பெயருக்குப் பொதுவாக இல்லை. வங்கக்கடல், இந்தியப் பெருங்கடல், பழையாறு, மேற்குத் தொடர்ச்சி மலை என்று நம்ம மாவட்டத்திலேயே எல்லாவற்றுக்கும் உதாரணம் கிடைக்கிறது.

தக்கலைக்காரர்:

டீச்சர், எங்க வீட்டில் பத்மநாபபுரம் அரண்மனைதான் பாடம். அக்கா மகள் 'வுடன் ஓல்ட் பியூட்டிஃபுல் பேலஸ்' என்று எழுதியிருந்தாள். முதலில் தமிழில் சொல்லச் சொன்னேன். "அழகான பழைய மர அரண்மனை" என்று தயங்காமல் வந்தது. ஆங்கிலத்திலும் அதே வரிசைதான்: முதலில் நம் அபிப்பிராயம், பிறகு வயசு, கடைசியில் எதனால் செய்தது என்பது. 'ஏ பியூட்டிஃபுல் ஓல்ட் வுடன் பேலஸ்'. பியூட்டிஃபுல்லை எடுத்துவிட்டால் 'ஆன் ஓல்ட் வுடன் பேலஸ்'. ஆர்ட்டிகிள் பார்ப்பது அரண்மனையை அல்ல, தனக்கு அடுத்து நிற்கும் சொல்லை. அதை அவளே கண்டுபிடித்துச் சொன்னாள்.