ஸ்டீரியோ இல்லாத மாடுலேஷன் பெடல் வேஸ்ட்டாம்! யாரு சொன்னது?

குழித்துறை கேபிள்:
கானமேளா (மேடைப் பாட்டுக் கச்சேரி) வாட்ஸ்அப் குரூப்புல நேத்து ஒரு தம்பி, கிட்டார் சத்தத்த ஆட வைக்குற கால்மிதிப் பெட்டியப் பத்தி பொன்மொழி எழுதியிருக்கான். "ஸ்டீரியோ அவுட் இல்லாத மாடுலேஷன் பெடல் வாங்குறதும் காச ஆத்துல போடுறதும் ஒண்ணு." எந்த ஆத்துலன்னு சொல்லல. எங்க குழித்துறைத் தாமிரபரணியிலயா, அவனுக்க நெய்யாத்துலயா?

களியக்காவிளை எல்லைக்கு இந்தப் பக்கம் குமரியிலயும் அந்தப் பக்கம் கேரளத்துலயும் நான் வாசிக்காத அம்பலமும் சர்ச்சும் கம்மி. ஒரு எடத்துலயும் பி.ஏ. (மைக்செட்) ஸ்டீரியோவா ஓடிப் பாத்ததில்ல. மிக்ஸர்ல இடது, வலது ரெண்டும் இருக்கும். வெளிய போற வயரு ஒண்ணாக்கும், அதான் மோனோ. அங்கேருந்து ரோட்டு முக்கு வரைக்கும் குழாய் ஸ்பீக்கர். இதுல என்ன எடது காது, வலது காது? இன்னொண்ணும் சொல்லுதேன். ரெண்டு ஜாக்கையும் குத்தி மிக்ஸர்ல மோனோவா சேத்தா, ஒரு கிட்டார ரெண்டு மூணா காட்டுற சில ஸ்டீரியோ கோரஸ்ல எஃபெக்டே காணாம போவும்.

பாறசாலை_ஆறுகம்பி:
அந்தத் தம்பி நான்தான் அண்ணே. பேரு சொல்லாம திட்டுனா புரியாதுன்னு நெனச்சீங்களா? "காணாம போவும்"னா எங்க போவும்? 1975-ல வந்த ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப்ப எடுங்க. ஒரு ஸ்பீக்கர்ல சுத்த கிட்டார், மத்ததுல ஆடுற கிட்டார். ரெண்டும் காத்துல கலந்துதான் கோரஸே உண்டாவுது. அதே மாதிரி ரெண்டு லைன மிக்ஸர்ல சேத்தாலும் கோரஸ்தான் வரும். ஒண்ணும் காணாம போகாது.

குழித்துறை கேபிள்:
"சில"ன்னு எழுதியிருக்கேன். கண்ணாடியப் போட்டுட்டு வாசி. எஃபெக்ட்ட இடதுல நேராவும் வலதுல போலாரிட்டி மாத்தித் தலைகீழாவும் விடுற கோரஸ் இருக்கு. ஹெட்ஃபோன்ல கேட்டா அகலமா, அம்சமா இருக்கும். மோனோல சேத்தா ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுட்டு சுத்த கிட்டார் மட்டும் மிஞ்சும். ஆட்டோ பேனும் அப்பிடித்தான். இடது ஏறும்போ வலது இறங்கும். கூட்டினா ஒரே மட்டம். ஆட்டமே இல்ல. கோயில் கொடையில இதக் கேட்டு எவன் கை தட்டுவான்?

மார்த்தாண்டம்தேன்:
அண்ணன்மாரே, போன வாரம் நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலியே. கோரஸ், சத்தம் ஏறி இறங்குற ட்ரெமலோ, சுத்துற ஸ்பீக்கர் மாதிரி கேக்குற ரோட்டரி மூணும் ஒரே பெட்டியில வேணும். ஜூம் எம்எஸ்-70சிடிஆர் பாக்கேன். லைன் 6 எம்5 செகண்ட் ஹேண்ட்ல வருது. பாஸ் எம்டி-500 ஆசைதான், துட்டு இல்ல. எது எடுக்க?

ஜாக்_பின்:
எம்5-ல நூறுக்கு மேல எஃபெக்ட் உண்டு, ரோட்டரியும் உண்டு. ஆனா ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான். கோரஸ் மேல ட்ரெமலோ ஏத்தணும்னா நடக்காது. ஜூம்ல ஆறு வரைக்கும் அடுக்கலாம், ரெண்டு பென்சில் பேட்டரியில ஓடும். ஆனா மிதிக்க ஒரே சுவிட்ச். பாட்டு நடுவுல குனிஞ்சு திருகிட்டு இருந்தா பாடகர் மொறைப்பார். எம்டி-500-ல 12 மோடு, 28 வகை. அது கல்யாணத்துக்கு அப்புறம் யோசி.

பாறசாலை_ஆறுகம்பி:
கவனிச்சீங்களா? தேன் கேட்ட மூணுமே ஸ்டீரியோ பெடல்! மோனோ எங்க இருக்கு இதுல?

குழித்துறை கேபிள்:
ஓட்டை ரெண்டு இருந்தா ரெண்டுலயும் குத்தணும்னு சட்டமா? மோனோன்னு எழுதுன ஓட்டையில ஒரு கேபிள். முடிஞ்சு.

பாறசாலை_ஆறுகம்பி:
அதத்தான் நானும் சொல்லுதேன். ஒண்ணுல குத்துனா ஒண்ணும் காணாம போகாது.

குழித்துறை கேபிள்:
நான் ரெண்டுலயும் குத்துனா என்ன ஆவும்னு சொல்லுதேன். நீ ஒண்ணுல குத்துறதப் பேசுத. மொதல்ல ஸ்டீரியோ இல்லாட்டா வேஸ்ட்டுன்ன. இப்ப ஒண்ணுல குத்துங்கிற. அப்ப அடுத்த ஓட்டைக்கு எதுக்குப்பா காசு?

பாறசாலை_ஆறுகம்பி:
இன்-இயர், காதுல மாட்டுற மானிட்டர்! இப்ப எல்லா நல்ல ட்ரூப்பும் இன்-இயர்ல ஸ்டீரியோவாத்தான் கேக்குது. ரோட்டரிய ஸ்டீரியோல கேட்டா நிஜ லெஸ்லி சுழல் ஸ்பீக்கர் பெட்டி பக்கத்துல சுத்துற மாதிரி இருக்கும். உங்க ட்ரூப்புல மானிட்டர்னா இன்னும் ஸ்டூல் மேல வச்ச ஸ்பீக்கர்தானே. அதுசரி, நீங்க வச்சிருக்கிற லைன் 6 எம்எம்4 பெடல்லயே ஸ்டீரியோ அவுட் இருக்கே?

குழித்துறை கேபிள்:
இருக்கட்டும். அந்த ரெண்டாவது ஓட்டையில தூசி அடைஞ்சு கெடக்கு. டிக்கெட் இல்லாம மைதானத்துல உக்காந்து கேக்குற ஆளுக்கு வாசிக்கியா, ஒனக்க காதுக்கு வாசிக்கியா? எம்எம்4 பேச்சு எடுத்ததால கேக்கேன், அதுக்க அடாப்டர் எங்க? நெய்யாற்றின்கரை புரோகிராமுக்கு வாங்கிட்டுப் போனது நீதானே?

பாறசாலை_ஆறுகம்பி:
அத உங்க கீபோர்டு அண்ணன் கையில அன்னிக்கே குடுத்தாச்சு. அவர்ட்ட கேளுங்க.

ஜாக்_பின்:
எம்எம்4-க்கு 9 வோல்ட் ஏசி அடாப்டர். மத்த பெடலுக்கு டிசி. மாத்திக் குத்தி எதையாவது எரிச்சுடாதீங்கப்பா. எம்5-க்கு 500 மில்லி ஆம்பியர் வேணும், ஒரே அடாப்டர்லேருந்து கிளை வயரு போற டெய்ஸி செயின்ல நாலு பெடலோட தொங்கவிட்டா இரைச்சல் வரும்.

விளவங்கோடு வைப்:
டிஜிட்டலே வேண்டாம். 1969-ல அமெரிக்காவுல வுட்ஸ்டாக் விழா மேடையில கிட்டார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் காலடியில கெடந்தது யூனி-வைப் பெடல். உள்ள ஒரு பல்பு, அதச் சுத்தி நாலு ஒளி செல். பல்பு துடிக்கத் துடிக்க சத்தம் உருளும். 28 வகை வச்சு என்ன பண்ணப் போறீங்க?

குழித்துறை கேபிள்:
அந்த ஆளும் மோனோதானே!

பாறசாலை_ஆறுகம்பி:
ஹென்ட்ரிக்ஸ் கொடையில வாசிக்கல அண்ணே. கானமேளாவே எங்க கேரளத்துலேருந்து உங்க பக்கம் வந்தது. 1956 நவம்பர் 1-க்கு முந்தி குமரிக்காரங்க நீங்களும் எங்க திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யந்தான். சவுண்டு விஷயத்துல மட்டும் நீங்க இன்னும் 1956-லயே நிக்கீங்க.

குழித்துறை கேபிள்:
நல்லதாப் போச்சு, பிரிஞ்சு வந்துட்டோம். அங்கேயே இருந்திருந்தா என்னையும் ரெண்டு ஜாக் குத்த வச்சிருப்ப.

ஜாக்_பின்:
எல்லைச் சண்டை வேற இழையில போடுங்க.

மார்த்தாண்டம்தேன்:
அப்ப நான் எம்5-ஏ எடுத்துரட்டா?

பாறசாலை_ஆறுகம்பி:
எடு. ரெண்டு அவுட்டும் குத்து. நான் இன்னிக்கு ராத்திரி மிக்ஸர்ல மோனோ பட்டன அமுக்கி வீடியோ போடுறேன். காணாம போவுதான்னு எல்லாரும் கேக்கட்டும்.

குழித்துறை கேபிள்:
எந்த கோரஸ்ல போடப் போற? சேத்தா கெடாத பெடலாப் பாத்து எடுத்துட்டு வந்து "பாத்தியா"ன்னு நிப்ப. நான் "சில"ன்னு சொல்லியிருக்கேன். மூணாவது தடவையாச் சொல்லுதேன். கீபோர்டுக்காரனுக்கு போன் போட்டேன், அவன் அடாப்டரக் கண்ணால கண்டதே இல்லியாம்.

பாறசாலை_ஆறுகம்பி:
அவரு பொய் சொல்லுதாரு. காணாமயும் போகாது.