துருக்கி எஸ்-400 வாங்கியதில் எங்கே சறுக்கியது?

பாஸ்பரஸ் கேட்டது:
துருக்கி ட்ரோன் செய்து ஊருக்கெல்லாம் விற்கிறது. ரஷ்யா–உக்ரைன் பேச்சுவார்த்தை இஸ்தான்புல்லில் நடந்தது. சிரியாவில் அதன் சொல் எடுபடுகிறது. இப்படி வளர்ந்த நாடு போர் விமானத்துக்கு மட்டும் 2019 முதல் ஏன் வாசல் வாசலாக ஏறி இறங்குகிறது? ரஷ்யாவின் எஸ்-400 வான்பாதுகாப்பு ஏவுகணை அமைப்பை வாங்கியதுதான் காரணம் என்றால், இந்தியாவும் வாங்கியிருக்கிறதே, நமக்கு ஏன் தடை வரவில்லை? பூட்டி வைத்துவிட்டால் பிரச்சினை தீராதா?

வான்காவல்:
முதலில் தொழில்நுட்பச் சிக்கலைப் பார்த்துவிடலாம். எஸ்-400 என்றால் ஏவுகணை மட்டும் இல்லை. தேடுவதற்கு 91என்6இ, குறிவைத்து வழிநடத்த 92என்6இ என்று இரண்டு முக்கிய ராடார்கள் அதில் உண்டு. துருக்கி வாங்க இருந்த அமெரிக்க எஃப்-35, ராடாரில் எளிதில் சிக்காத போர் விமானம். அது அமைதிக் காலத்தில் பறக்கும்போது ராடாருக்கு வேண்டுமென்றே பெரிதாகத் தெரிய லூன்பெர்க் லென்ஸ் என்ற சிறு பிரதிபலிப்பானை உடலில் மாட்டிக்கொள்ளும். போர்ப் பயிற்சிக்கும் நிஜப் போருக்கும் அதைக் கழற்றியாக வேண்டும். ஒரே நாட்டில் எஸ்-400உம் எஃப்-35உம் வருடக்கணக்கில் இருந்தால், எந்தக் கோணத்தில் எவ்வளவு எதிரொலி வருகிறது என்று அந்த ராடாரில் பதிவு சேர்ந்துகொண்டே போகும். பராமரிப்புக்கு ரஷ்யத் தொழில்நுட்பர்கள் வந்தால் அந்தப் பதிவு அவர்கள் கைக்குப் போகலாம். அமெரிக்கா பயந்தது இதற்குத்தான். எனக்கு அது நியாயமான பயமாகவே படுகிறது.

இன்னொரு பக்கம், துருக்கிக்கும் பெரிய பலன் இல்லை. நேட்டோவின் லிங்க்-16 தகவல் வலையில் இதை இணைக்க விடமாட்டார்கள். தனியாக நிற்கும் ஏவுகணைத் தொகுதி தன் ராடார் காண்பதை மட்டும்தான் காணும். 400 கி.மீ. என்ற கணக்கெல்லாம் உயரத்தில் பறப்பவற்றுக்கு. 100 மீட்டர் உயரத்தில் வரும் இலக்கு, பூமியின் வளைவால், சமதரையிலேயே 50–60 கி.மீ. நெருங்கிய பிறகுதான் தெரியும். மலைப்பாங்கான அனடோலியாவில் இன்னும் குறையும்.

சட்டப்புள்ளி:
பூட்டி வைத்தால் போதாது. 2020 நிதியாண்டுக்கான அமெரிக்கப் பாதுகாப்புச் சட்டத்தின் 1245ஆம் பிரிவு, எஃப்-35 வேண்டுமென்றால் எஸ்-400 துருக்கியின் கைவசம் இருக்கவே கூடாது, இனி வாங்கமாட்டோம் என்று நம்பத்தக்க உறுதியும் தர வேண்டும் என்கிறது. ‘இயக்கவில்லை’ என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை.

இதோடு காட்சா தடையை, அதாவது ரஷ்ய ஆயுதம் வாங்குவோரைத் தண்டிக்கும் அமெரிக்கச் சட்டத்தின் தடையை, போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு. 2019 ஜூலை 12 அன்று அங்காரா அருகே மூர்டெட் தளத்தில் எஸ்-400இன் முதல் சரக்கு இறங்கியது. ஐந்தே நாளில் எஃப்-35 திட்டத்திலிருந்து நீக்கினார்கள். வாங்க இருந்தது 100 விமானம், கட்டியிருந்த பணம் சுமார் 140 கோடி டாலர். காட்சா தடை வந்தது 2020 டிசம்பர் 14 அன்று. அது ஆயுதக் கொள்முதல் அமைப்பான எஸ்எஸ்பி மீதும் அதன் தலைவர்கள் மீதும்தான். விமானப்படை மீது இல்லை. அதனால்தான் 2024 ஜனவரியில், ஸ்வீடன் நேட்டோவில் சேர அங்காரா ஒப்புக்கொண்ட கையோடு, 40 புது அமெரிக்க எஃப்-16 போர் விமானங்களுக்கு அனுமதி கிடைத்தது.

இந்தியா விஷயம்: 2018 அக்டோபரில் 543 கோடி டாலருக்கு 5 தொகுதிகள். நாம் நேட்டோவில் இல்லை, எஃப்-35 திட்டத்திலும் இல்லை. முதல் சிக்கலே நமக்கு எழவில்லை. காட்சா சட்டப்படி தடை வந்திருக்கலாம். சீனாவை மனதில் வைத்துக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். முறையான விலக்கு எதுவும் அறிவிக்கவில்லை. ஆக, அது எழுதித் தந்த உரிமை அல்ல.

எஞ்சின்_மேசை:
எஸ்-400ஐ விட எஞ்சின்தான் துருக்கியின் பெரிய பலவீனம் என்பேன். டி129 அட்டாக் ஹெலிகாப்டரைப் பாருங்கள். 2018இல் பாகிஸ்தான் 30 வாங்க ஒப்பந்தம் போட்டது, 150 கோடி டாலர். அதில் இருப்பது அமெரிக்கப் பங்குள்ள சிடிஎஸ்800 எஞ்சின். ஏற்றுமதி லைசென்ஸ் தர வேண்டியது வாஷிங்டன். தரவில்லை, ஒப்பந்தம் செத்துவிட்டது. அதே எஞ்சினோடு பிலிப்பைன்சுக்கு 6 போக அனுமதி கொடுத்தார்கள். யாருக்கு விற்கலாம் என்பதைத் துருக்கி தீர்மானிக்கவில்லை.

துருக்கி தானே உருவாக்கும் கான் போர் விமானமும் அப்படித்தான். 2024 பிப்ரவரி 21 அன்று பறந்தது இரண்டு ஜெனரல் எலக்ட்ரிக் எஃப்110 எஞ்சினோடு. உள்நாட்டு எஞ்சின் இன்னும் உருவாக்கத்தில். சூடான பகுதியின் டர்பைன் இலைகளை ஒற்றைப் படிகமாக வார்த்து, ஆயிரக்கணக்கான மணிநேரம் தாங்குகிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். பணத்தைக் கொட்டி அந்த வருடங்களைச் சுருக்க முடியாது. ட்ரோனில் தப்பித்தது வேறு கதை: 2020இல் கனடா துருக்கியின் டிபி2 ட்ரோனுக்கான கேமராவை நிறுத்தியதும், துருக்கி நிறுவனமான அசெல்சானின் கேட்ஸ் கேமரா அந்த இடத்துக்கு வந்தது. கேமராவை மாற்றலாம், எஞ்சினை மாற்றினால் விமானத்தையே மாற்றிய மாதிரி.

பாஸ்பரஸ்:
இவ்வளவு தெரிந்தும் ஏன் வாங்கினார்கள்?

வான்காவல்:
அமெரிக்க வான்பாதுகாப்பு ஏவுகணையான பேட்ரியாட்டைத் தொழில்நுட்பத்தோடு கேட்டார்கள், கிடைக்கவில்லை. 2013இல் அதே வகை சீன எச்க்யூ-9ஐத் தேர்ந்தெடுத்து, 2015இல் கைவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் ரஷ்ய சு-24 போர் விமானத்தை வீழ்த்தியபின் மாஸ்கோவைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. 2016 ஜூலை ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியில் சொந்த எஃப்-16களே நாடாளுமன்றத்தைக் குண்டு வீசித் தாக்கின. மேற்கின் மீதான நம்பிக்கை உடைந்த நேரம் அது. ஆனால் ரஷ்யா நண்பனாகிவிடவில்லை. 2020 பிப்ரவரி 27 அன்று சிரியாவின் இத்லிப்பில், ரஷ்ய ஆதரவு பெற்ற அரசுத் தரப்பின் ஒரே வான்தாக்குதலில் முப்பதுக்கும் மேற்பட்ட துருக்கி வீரர்கள் இறந்தார்கள். அப்போது எஸ்-400 எதற்கும் உதவவில்லை.

சட்டப்புள்ளி:
யாருக்காவது விற்றுவிடலாமே என்று அடுத்த கேள்வி வரும். ரஷ்யச் சம்மதம் இல்லாமல் மூன்றாம் நாட்டுக்குக் கொடுக்க முடியாது. உக்ரைனுக்கு என்றால் பேச்சே இல்லை. இறக்குமதி செய்யும் எரிவாயுவில் ஏறக்குறைய 40 சதவீதம் ரஷ்யாவிடமிருந்து வருகிறது. அக்குயுவில் 1,200 மெகாவாட் அணு உலைகள் நான்கைக் கட்டுவதும் ரஷ்ய அரசு நிறுவனமான ரோசாட்டம்தான். இந்த நிலையில் மாஸ்கோவை மீறி அங்காரா அதைக் கைமாற்றும் என்று நான் நினைக்கவில்லை. 2025 அக்டோபரில் பிரிட்டனிடம் 800 கோடி பவுண்டுக்கு 20 யூரோஃபைட்டர் வாங்கப் போனதைப் பார்த்தால், எஃப்-35 சீக்கிரம் திரும்பும் என்று அவர்களும் காத்திருக்கவில்லை.