குடிவரும்போது கொடுத்த வாக்கு: பாதி வாடகையை நிறுத்தலாமா?

வெண்ணாற்றங்கரை:
தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கடைசி மாடியில் இருக்கிறோம். ஆனி மாதம் வீடு பார்க்க வந்தபோதே படுக்கையறைக் கூரையில் மஞ்சள் கறை தெரிந்தது. கேட்டேன். "ஆடி கழியட்டும், ஐப்பசி மழைக்குள் மேல்தளத்துக்கு ஒழுகாத பூச்சு போட்டுத் தருகிறேன்" என்றார் உரிமையாளர். அந்தப் பேச்சை நம்பித்தான் 50,000 முன்பணம் கொடுத்தேன். இப்போது கார்த்திகை. கட்டில் கூடத்துக்கு வந்துவிட்டது. பீரோவின் முதுகில் பூஞ்சை. தொலைபேசியில் அழைத்தால் "கொத்தனார் கிடைக்கவில்லை" என்கிறார். வாடகை 9,000. அடுத்த மாதத்திலிருந்து பாதிதான் தரப்போகிறேன். தவறா?

மேலவீதி:
தவறுதான். கும்பகோணத்தில் இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கறையைப் பார்த்துத்தானே குடிவந்தீர்கள்? கார்த்திகையில் யாராலும் தளத்துக்குப் பூச்சு போட முடியாது. ஈரத்தின் மேல் பூசினால் அது கொப்புளித்து உரிந்து வரும். இந்த வேலைக்குப் பங்குனி வெயில் வேண்டும். உங்கள் உரிமையாளர் ஏமாற்றுகிறவர் என்று நீங்கள் முடிவுகட்டுவது அவசரம். மேலும் 9,000 வாடகையில் வீட்டு வரி, குடியிருப்புப் பராமரிப்புத் தொகை எல்லாம் போக அவர் கையில் என்ன நிற்கும்?

வெண்ணாற்றங்கரை:
அவர் கையில் என்ன நிற்கிறது என்பது என் கணக்கு அல்ல ஐயா. பங்குனி வெயில் வேண்டும் என்றால் ஆனியில் என்னிடம் ஐப்பசி என்று ஏன் சொன்னார்? ஆவணியும் புரட்டாசியும் காய்ந்துதானே கிடந்தன?

பாமணியாறு:
சட்டத்தைக் கொஞ்சம் பார்ப்போம். தமிழ்நாட்டின் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று அதில் ஓர் அட்டவணையே உண்டு. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, மின்கம்பி வேலை ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. தண்ணீர்க் குழாயின் வாஷர், சுவிட்சு, பூட்டு, சன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் தலையில். கூரை ஒழுகுவது எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் வெண்ணாற்றங்கரைத் தம்பி ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரிமையாளர் மறுத்தால் நாமே பழுதுபார்த்து, அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. உங்கள் யோசனை அது அல்ல. ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் தண்டனையாகப் பாதியை நிறுத்தினால் அது வெறும் வாடகைப் பாக்கி. பாக்கியைக் காட்டியே உங்களை வெளியேற்றக் கேட்கலாம். இன்னொன்று: வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. நீங்கள் கொடுத்தது ஐந்தரை மாதத்துக்கு மேல். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தீர்களா?

வெண்ணாற்றங்கரை:
முத்திரைத்தாளில் பதினொரு மாத ஒப்பந்தம். முன்பணத் தொகை இருக்கிறது. பூச்சு பற்றி ஒரு வரி இல்லை.

மேலவீதி:
பார்த்தீர்களா! பாமணியாறு பாதியைத்தான் சொன்னார், மீதியை நான் சொல்கிறேன். பதினொரு மாதம் என்று எழுதினால் பதிவு வேண்டாம் என்பது பழைய பழக்கம். புதிய சட்டப்படி எத்தனை மாதமானாலும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகாரியிடம் அதைப் பதிய வேண்டும். ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் இருப்பதையே காரணம் காட்டி வீட்டைத் திரும்பக் கேட்கவும் உரிமையாளருக்கு வழி இருக்கிறது. பதியாத தாளைக் கையில் வைத்துக்கொண்டு புகார் கொடுக்கப் போனால் அது உங்கள் பக்கமே திரும்பலாம்.

அடுத்தது, அடுக்குமாடியில் மொட்டைமாடி எல்லா வீட்டுக்காரருக்கும் பொது. உங்கள் உரிமையாளர் ஒருவராகப் போய் அதைக் கொத்த முடியாது. சங்கத்தில் பேச வேண்டும். இங்கே பாதி வீடுகளின் சொந்தக்காரர்கள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். கீழ்த்தளத்துக்காரருக்கோ சுவரில் ஏறும் ஓதம்தான் கவலை, கூரை அல்ல. இவர்களிடம் பணம் வசூலிப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியாது.

சீர்காழிப் பெண்:
மேலவீதி அண்ணா, இந்த நியாயம் எனக்குப் பழக்கமானது. மொட்டைமாடி பொது என்பது முன்பணம் வாங்கும் நாளில் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை, மழை வந்த பிறகுதான் வருகிறது. சங்கத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருந்தால் அது நேர்மை. போட்டுத் தருகிறேன் என்றால் அது பேசிய வாடகையில் ஒரு பகுதி. ஒழுகும் வீடு என்று சொல்லியிருந்தால் 9,000 யார் கொடுத்திருப்பார்கள்?

எங்கள் பழைய வீட்டில் மோட்டார் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். உப்புத் தண்ணீர் குழாயையே தின்றுவிட்டது, மோட்டார் வரவில்லை. வாய்ச்சொல்லைக் கேட்டு அலைந்ததோடு சரி.

காரைக்கால்காரன்:
படித்துவிட்டு யாரும் எங்கள் ஊரில் இதைச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். மண் ஒன்றுதான், ஆனால் நாங்கள் புதுச்சேரி. இந்தத் தமிழ்நாட்டுச் சட்டம் இங்கே செல்லாது.

பாமணியாறு:
மேலவீதி சொன்ன ஆபத்து உண்மை, மறுக்கவில்லை. ஆனால் பதிவு செய்யாதது இருவரின் குறையும்தான். அதை வைத்துக் குடியிருப்பவரை மட்டும் மிரட்டுவது எப்படி நியாயம்? தம்பி, முழு வாடகையைக் கொடுங்கள், வங்கி வழியாக. கூடவே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள்: ஆனியில் சொன்னது, இப்போதுள்ள நிலை, புகைப்படங்கள், சங்கத்துக்கு ஒரு நகல். பங்குனிக்குள் வேலை முடிய வேண்டும், அதுவரை வாடகையைக் குறைக்க வேண்டும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாடகை அதிகாரியிடம் போகலாம். துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர்தான் அந்தப் பொறுப்பில் இருப்பார்.

மேலவீதி:
எனக்கு அப்படி ஒரு கடிதம் வந்தால் வாடகையைக் குறைக்கமாட்டேன், காலி செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். உள்ளதைச் சொல்கிறேன்.

சீர்காழிப் பெண்:
சொல்லுங்கள். ஒழுகும் வீட்டுக்கு மழையில் யார் குடிவருவார்கள்? மார்கழி பிறந்துவிட்டால் வீடு பார்க்கவே ஆள் வராது. தம்பி, கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்பணம் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கியதையும் சேர்க்கலாமா, அல்லது அதைத் தனியாக வைத்துக்கொள்ளலாமா?

பாமணியாறு:
ஒப்பந்தத்தில் அந்தத் தொகைக்கு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதைத் தொடவேண்டாம். கூரையை மட்டும் எழுதுங்கள்.